எந்தக் கருவிக்கு முதல் காசு?

தச்சுப் பட்டறை தொடங்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது மிஷினைப் பற்றித்தான். எந்த கம்பெனி கட்டர் வாங்கலாம், எத்தனை வாட் பிளேனர் வாங்கலாம் என்று கேட்பார்கள். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், ராஜபாளையம் பக்கம் தொழில் செய்யப்போகிற ஒருவர் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும்: என் பட்டறையில் விலை கூடிய பொருள் எது? எந்த மிஷினும் அல்ல, மரம்தான். இது கரிசல் காடு. வேம்பும் பூவரசும் வாகையும் பனையும் உள்ளூரில் கிடைக்கும். நிலைக்கும் கதவுக்கும் வேண்டிய தேக்கும் வேங்கையும் பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தோ துறைமுகம் வழியாகவோ வந்து இறங்குகின்றன. வண்டி வாடகை, அறுப்புக் கூலி, சேதாரம் எல்லாம் சேர்ந்துதான் நம் கைக்கு வருகின்றன.

அதனால் இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே அளவுகோலை வைத்துப் பேசுகிறேன். மரத்தை வீணாக்காமல் காக்கும் கருவிக்கு முதல் காசு. நேரத்தை மிச்சப்படுத்தும் கருவிக்கு அடுத்த காசு.

கணக்குப் போட்டால் இது விளங்கும். ஆறரை அடி உயரக் கதவின் நெடுஞ்சட்டம் ஒன்று 4 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்றால் கால் கனஅடிக்குச் சற்று மேல் வரும். தேக்கு கனஅடி 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். துளை எடுக்கும்போது மட்டம் பிசகி அந்தச் சட்டம் வீணானால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போயிற்று, கூலி தனி. ஒரு நல்ல மூலமட்டத்தின் விலை அந்த இழப்புக்குள் அடங்கிவிடும்.

மரத்தின் ஈரம்

நம் வட்டாரத் தச்சர்களில் பலர் வாங்காத, ஆனால் மிகச் சீக்கிரம் போட்ட காசை மீட்டுத் தரும் கருவி ஈரப்பத மீட்டர். கைக்கு அடக்கமானது. முனையில் இரண்டு ஊசி இருக்கும். மரத்தில் குத்தினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும்.

சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றியதற்கு இந்த ஊரின் வறண்ட காற்று ஒரு முக்கியக் காரணம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீக்குச்சி மருந்தும் காகிதமும் சீக்கிரம் காய வேண்டிய அந்தத் தொழிலுக்கு வெயிலும் குறைந்த மழையும் துணை நின்றன. தச்சனுக்கு அதே காற்று வேறு விதமாக வேலை செய்கிறது. செங்கோட்டை வழியாகக் கேரளத்திலிருந்து வரும் மரம், அங்கே ஈரக்காற்றில் ‘காய்ந்த’ மரமாகவே இருந்திருக்கலாம். இங்கே வந்து சித்திரை வெயிலைப் பார்த்ததும் மேலும் சுருங்கும்.

எவ்வளவு சுருங்கும்? குறைவாக அசையும் மரங்களில் ஒன்றான தேக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு அடி அகலப் பலகை, தட்டை அறுப்பு. 20 சதவீத ஈரத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கினால் அகலத்தில் ஐந்தரை மில்லிமீட்டர் வரை குறையும். நம் கணக்கில் ஒன்றே முக்கால் நூல். கதவின் பேனல் அவ்வளவு சுருங்கினால் காடியிலிருந்து பலகை வெளியே வந்து, பாலிஷ் படாத வெள்ளைக் கோடு தெரியும். பேனலைக் காடிக்குள் பசை போட்டு ஒட்டியிருந்தால் கோடு தெரியாது, பலகையே பிளக்கும். வீட்டுக்காரர் கூப்பிடுவது அப்போதுதான்.

மரக்கடையில் வழக்கமாக நடக்கும் பேச்சு இது:

“அண்ணாச்சி, மரம் காஞ்சதுதானே?”

“தம்பி, இறக்கி மூணு மாசமாச்சு. எடுத்துப் பாரு, எப்படிக் கலகலன்னு இருக்கு!”

அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. மேல் தோல் காய்ந்துதான் இருக்கும். அடுக்கின் நடுவில் இருக்கும் இரண்டங்குலக் கட்டைக்கு மூன்று மாதம் போதாது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது நிழலில் காற்றில் காயவைப்பவர்கள் வைத்திருக்கும் பழைய கணக்கு. அதனால் மீட்டரை மேல்பரப்பில் குத்திப் பார்த்து ஏமாற வேண்டாம். முனையிலும் குத்தக் கூடாது, முனை எப்போதும் முதலில் காய்ந்துவிடும். வாங்கப்போகும் கட்டை ஒன்றின் முனையிலிருந்து ஒரு சாணாவது தள்ளி அறுக்கச் சொல்லி, புதிதாகத் தெரியும் உள்முகத்தில் ஊசியை அழுத்துங்கள். மீட்டர் காட்டும் எண் மரத்துக்கு மரம் கொஞ்சம் மாறும். அதைச் சரிசெய்ய எளிய வழி உண்டு. உங்கள் பட்டறையில் ஓராண்டாகக் கிடக்கும் அதே சாதி மரத்துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதையும் குத்திப் பாருங்கள். இரண்டுக்கும் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் தைரியமாக வாங்கலாம். எட்டு பத்து என்று விலகினால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த மரத்தில் உடனே கதவு செய்யாதீர்கள். வாங்கினால் இடையில் ரீப்பர் வைத்து அடுக்கி நிழலில் ஆறப்போட வேண்டும். உள்வேலைக்கு 10 முதல் 12 சதவீதத்துக்குள் வந்த மரம் நம் பக்கத்துக்குப் பொருந்தும்.

மீட்டர் இல்லாதவர்கள் தராசை வைத்தே பார்க்கலாம். உள்பகுதியிலிருந்து மெல்லிய குறுக்குத் துண்டு ஒன்றை அறுத்து உடனே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நூறு டிகிரிக்குச் சற்று மேல் வெப்பத்தில் எடை இறங்குவது நிற்கும்வரை காயவைத்து மறுபடி நிறுங்கள். 230 கிராம் இருந்தது 200 கிராமில் நின்றால், குறைந்த 30 கிராமைக் காய்ந்த எடையான 200-ஆல் வகுக்க வேண்டும்: 15 சதவீதம். மீட்டர் சொல்வது சரியா என்று சோதிக்கவும் இதே வழிதான்.

ஐப்பசி, கார்த்திகையில் நேர்மாறாக நடக்கும். கோடையில் இறுக்கமாகப் பொருத்திய கதவு அடைமழையில் உப்பி நிலையைப் பிடிக்கும். மீட்டர் வைத்திருப்பவர், மரம் இன்று எந்த ஈரத்தில் இருக்கிறது என்று தெரிந்து, எத்தனை நூல் இடைவெளி விடலாம் என்று முடிவு செய்வார்.

சாணைக்கல்

இரண்டாவது காசு சாணைக்கல்லுக்கு. எட்டு அங்குல நீளம், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். சென்னையில் 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் கல் எந்த ஹார்டுவேர் கடையிலும் கேட்டால் கிடைக்கும். இதற்கு மேல் விலையுள்ள வைரத்தூள் தகடுகளும் ஜப்பானிய நீர்க்கற்களும் இருக்கின்றன. அவை நல்லவைதான், முதல் ஆண்டில் தேவையில்லை.

கூர்மை எப்படி மரத்தைக் காக்கும் என்று கேட்கலாம். மழுங்கிய உளியை நீங்கள் அழுத்துகிறீர்கள். அழுத்தும் உளி கோட்டில் நிற்காது, நாரோடு போகும். துளையின் ஓரம் பிய்ந்துபோகும், நாக்கு தளரும், அதை மறைக்கச் சக்கை வைப்பீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். வலுவான மரத்தைவிட மென்மரத்துக்குத்தான் கூர்மை கூடுதலாக வேண்டும். தீக்குச்சிக்கும் பெட்டி அடிக்கவும் போகும் பெருமரம் போன்றவற்றில் மழுங்கிய இழைப்புளியை ஓட்டிப் பாருங்கள். நார் அறுபடாமல் நசுங்கிப் பஞ்சு போல எழும்பி நிற்கும்.

தீட்டும் முறையைச் சொல்கிறேன். புது உளியின் சரிவை மறந்துவிட்டு முதலில் அதன் தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்துத் தேயுங்கள். முனையிலிருந்து ஓர் அங்குலத்துக்கு ஒரே சீராகப் பளபளப்பு வர வேண்டும். இடையில் மங்கிய திட்டு தெரிந்தால் அங்கே குழி இருக்கிறது. இதை உளியின் ஆயுளில் ஒரு முறை செய்தால் போதும். பிறகு சரிவு. கோணமானி வேண்டாம். உளியின் கனம் எவ்வளவோ அதில் இரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவு இருந்தால் அது 30 டிகிரி. கருவேலம், வேம்பு போன்ற கட்டிமரத்தில் துளை எடுக்க அதுவே சரி. இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் 25 டிகிரி. சீவும் வேலைக்கும் மென்மரத்துக்கும் அது போதும். சொரசொரப்புப் பக்கத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மணிக்கட்டை அசைக்காமல், தோளிலிருந்து முன்னும் பின்னும் இழுங்கள். சிறிது நேரத்தில் தட்டைப் பக்கத்து விளிம்பைக் கட்டைவிரலால் வெளிப்புறமாகத் தடவினால் பிசிறு தட்டுப்படும். விளிம்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை அது தட்டுப்பட வேண்டும். பாதி தூரத்தில் மறைந்தால் மீதிப் பாதி இன்னும் கூராகவில்லை. பிசிறு முழுக்க வந்த பிறகுதான் நைஸ் பக்கம். அங்கே சரிவை நாலைந்து இழுப்பு, தட்டைப் பக்கத்தை ஓர் இழுப்பு என்று மாற்றி மாற்றித் தேய்த்தால் பிசிறு மெலிந்து விழுந்துவிடும். பழைய இடுப்புவாரின் உள்பக்கத்தில் பின்னோக்கி இழுத்து முடியுங்கள். வெட்டுமுகத்தில் ஒரு சீவு சீவினால், மரம் மெழுகு பூசியது மாதிரி மின்ன வேண்டும்.

கல் நடுவில் பள்ளமானால் கருங்கல் பலகையில் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துச் சமமாக்கிவிடலாம். கிரைண்டரில் உளி பிடிப்பவர்கள் பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக்கொண்டு அடிக்கடி முக்க வேண்டும். முனை நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் எஃகின் கடினம் போய்விட்டது. எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது, நீலம் போகும் வரை தேய்த்து எறிவதுதான் வழி. லாரிப் பட்டையில் உள்ளூர்க் கொல்லர் அடித்துத் தரும் உளியை நான் மதிக்கிறேன். நல்ல கைக்காரர் அடித்தால் கடை உளியைவிடக் கூடுதல் காலம் கூர் நிற்கும். வாங்கும் முன் புது அரத்தை அதன் முனையில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அரம் சுலபமாகக் கடித்தால் தோய்ச்சல் போதவில்லை. கொஞ்சமும் கடிக்காமல் கண்ணாடி மேல் போவது போல வழுக்கினால் முனை உதிரும். பட்டும் படாமலும் கடிக்க வேண்டும்.

மட்டமும் அளவும்

மூலமட்டம் வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடுங்கள். நேரான விளிம்புள்ள பிளைவுட் துண்டு ஒன்றில் மட்டத்தை வைத்து கூர்மையான பென்சிலால் கோடு போடுங்கள். அப்படியே மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படிந்தால் மட்டம் சரி. மேலே போகப் போக விலகினால், தெரியும் விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை. அந்தப் பாதியும் வேண்டாம். வேறொன்றை எடுங்கள்.

டேப்பின் கொக்கி ஆடுகிறது என்று ஆணியை அடித்து இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது வேண்டுமென்றே விட்ட ஆட்டம். விளிம்பில் மாட்டி இழுத்தாலும், உள்சுவரில் முட்டி அழுத்தினாலும் கொக்கித் தகட்டின் கனம் அளவில் சேராமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். கோடு கிழிக்கும் கட்டை, அதாவது மார்க்கிங் கேஜ், முள் வைத்ததைவிடச் சிறு கத்தித் தகடு வைத்தது கொஞ்சம் விலை கூடும். கூடட்டும். நார் பிய்க்காமல் கோடு விழும், அந்தக் கோட்டிலேயே உளியை ஊன்றலாம்.

கிளாம்ப்

கயிறும் ஆப்பும் வைத்து இறுக்கிய காலத்தில் நல்ல கதவுகள் செய்திருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. அப்போது நாக்கும் துளையும் தாமே பிடித்துக்கொள்ளும்படி இருந்தன, பசை துணைக்குத்தான். இன்று பலகையோடு பலகை ஒட்டி அகலமாக்கும் வேலை பெருகிவிட்டது. அதற்கு வெள்ளைப் பசை சீரான அழுத்தத்தில் பிடிக்க வேண்டும். நம் ஊர் மே மாதத்தில் பசை சில நிமிடத்தில் மேலே ஆடை கட்டிவிடும். கிளாம்பை அப்போது தேடிக்கொண்டிருந்தால் ஒட்டு தோற்கும். முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பில் மாட்டும் வார்ப்புத் தலைகளை மட்டும் வாங்குங்கள். பைப்பை வேண்டிய நீளத்துக்குப் பிளம்பரிடம் மரை போட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஜோடித் தலை நாலடிக்கும் உதவும், ஏழடிக்கும் உதவும். பலகையின் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி வைத்து இறுக்கினால் பலகை வில்லாக வளையாது. ஆறு கிளாம்ப் இல்லாமல் மேசைப் பலகை ஒட்ட இறங்காதீர்கள்.

மின் கருவிகள்

டிரில் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். பாட்டரி டிரில் என்றால் அதே பாட்டரி பொருந்தும் வேறு கருவிகளும் அந்தக் கம்பெனியில் உண்டா என்று பார்த்து வாங்குங்கள். தகரக் கொட்டகையிலும் வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியிலும் பாட்டரியை வைக்கக் கூடாது. லித்தியம் பாட்டரிக்குச் சூடுதான் பெரிய எதிரி.

பிளேனர் 82 மில்லிமீட்டர் அகலத்தில் வருவது பட்டறைக்குப் போதும். அது சீவிய அலைகளை எடுக்க இழைப்புளி எப்படியும் வேண்டும். 14 அங்குல நீளமுள்ள ஐந்தாம் நம்பர் இரும்பு இழைப்புளி ஒன்று வாங்கினால் சட்டமும் நேராக்கலாம், பலகையும் சீவலாம். ரவுட்டர், டிரிம்மர் எல்லாம் லேமினேட் வேலை கையில் வந்த பிறகு.

கட்டரைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல் அறுக்கச் செய்த நாலு அங்குல மார்பிள் கட்டரில் பல்லுள்ள மர பிளேடு மாட்டி அறுப்பது நம் பக்கம் சாதாரணமாகிவிட்டது. சிலர் ஆங்கிள் கிரைண்டரில், அதுவும் கார்டைக் கழற்றிவிட்டு, மாட்டுகிறார்கள். கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் ஓடும். மரம் இறுகிப் பல்லைப் பிடித்தால் கருவி கையை நோக்கித்தான் எகிறும். கிரைண்டரில் மர பிளேடை எந்தச் சூழ்நிலையிலும் மாட்டாதீர்கள். ஏழு அங்குல சர்க்குலர் சா ஏறத்தாழ 5,000 சுற்றில் ஓடுகிறது. கீழ்க் கார்டு தானே மூடிக்கொள்ளும், ஆழமும் சாய்வும் வைக்கலாம், நேர்ச்சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் எட்டடி பிளைவுட்டும் நேராக அறுபடும். கூடுதலாகக் கொடுக்கும் பணம் விரல்களுக்குக் கொடுக்கும் பணம். தோட்டத்துக்குள்ளோ கட்டட வேலைக்கோ போகும்போது மெல்லிய வயரில் நீட்டிப்பு எடுக்காதீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்ட வயர் ஒன்று சொந்தமாக வைத்திருங்கள். வோல்டேஜ் இறங்கி ஆர்மெச்சூர் கருகுவதற்கு ஆகும் செலவில் அந்த வயரையே வாங்கிவிடலாம்.

பழைய மிஷின் வாங்குகிறவர்கள் கார்பனைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளேடைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பேரிங் ஆட்டம் பார்க்க வேண்டும். சர்வீஸ் சென்டர் மதுரைக்குள் இல்லாத கம்பெனியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டாசு ஆலை வேலைக்குப் போகிறவர்களுக்கு

சிவகாசி வட்டாரத் தச்சருக்கு மட்டும் உரிய பகுதி இது. மேலே சொன்ன எந்தக் கருவியும், கை உளி முதல் பாட்டரி டிரில் வரை, மருந்து புழங்கும் அறைக்குள் போகக் கூடாது. இரும்பு இரும்பில் பட்டால் பொறி, இரும்பு கல்லில் பட்டால் பொறி, மோட்டாரின் கார்பனில் ஓடும்போதே பொறி. வெடிபொருள் விதிகள் 2008-இன்படி உற்பத்தி அறைகளில் மரம், செம்பு, பித்தளை போன்ற பொறி தட்டாத பொருள்களால் ஆன கருவிகளுக்குத்தான் இடம். அறையின் உள்பக்கத்தில் இரும்பு வெளியே தெரியவும் கூடாது. அந்த விதிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒன்றிய வெடிபொருள் துறைக்குச் சிவகாசியிலேயே அலுவலகம் இருக்கிறது.

கதவு சீராகவில்லை, கீல் தளர்ந்தது என்று கூப்பிட்டால், அறையில் மருந்தும் சரக்கும் முழுவதும் அகற்றப்பட்டுத் தரை கழுவிவிடப்பட்டிருக்கிறது என்று போர்மேன் நேரில் காட்டிய பிறகே வாசலைத் தாண்டுங்கள். முடிந்தவரை கதவைக் கழற்றி ஆலைக்கு வெளியே கொண்டுவந்து வேலை செய்யுங்கள். திரும்பப் பொருத்தப் பித்தளை ஸ்குருவும் பித்தளைக் கீலும். அவசரம், ஒரே ஒரு ஆணிதான், அஞ்சு நிமிஷ வேலை என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் நம் தெருப் பெண்கள்.

ஆலைக்கு மரக் கொட்டாப்புளி, தட்டு, அடுக்குப் பலகை செய்து தரும் ஆர்டர் வந்தால் புளியங்கட்டையின் வைரம் பாய்ந்த பகுதியை எடுங்கள், எளிதில் சிம்பு எழாது. பிடியை ஆணி அடித்து இறுக்காமல் மர ஆப்பு வைத்து இறுக்குங்கள். உங்கள் உளியின் முனை உடைந்து மரத்துக்குள்ளேயே தங்கியிருக்கக் கூடும், சாணையின் இரும்புத் தூளும் ஒட்டியிருக்கும். செய்து முடித்ததும் ஒவ்வொன்றின் மேலும் வலுவான காந்தம் ஒன்றை ஓட்டிவிட்டுக் கட்டுங்கள். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தமே போதும். பட்டறையில் மணல் ஒட்டிய கட்டையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், அதை ஆலை வேலைக்கு எடுக்க வேண்டாம்.

கடன் வாங்கி வாங்கலாமா?

சாணைக்கல், மட்டம், உளி, கிளாம்ப் இவற்றைக் கைக்காசில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது நல்லது. மிஷினுக்குக் கடன் தேவைப்படும். ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்துக்கு மாற்றாகத் தமிழ்நாடு அரசு கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மரவேலை உட்பட 25 தொழில்கள் அதில் அடங்கும். 35 வயது நிரம்பியவர்கள் 3 லட்சம் ரூபாய் வரை கடன் கேட்கலாம். கடனில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். வட்டியிலும் 5 சதவீதம் வரை சலுகை உண்டு. விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பத்தைப் பற்றிக் கேளுங்கள், விதிகளில் மாற்றம் இருந்தால் அங்கே சொல்வார்கள்.

விண்ணப்பத்தோடு விலைப்பட்டியல் கேட்பார்கள். கடைக்காரர் எழுதித் தரும் பட்டியலை அப்படியே நீட்டாமல், முதலில் உங்கள் கையில் இருக்கும் ஆர்டரைப் பாருங்கள். அடுத்த ஆறு மாதத்தில் கதவும் நிலையும்தான் என்றால் சர்க்குலர் சா, டிரில், பிளேனர், ஈரப்பத மீட்டர், இரண்டு ஜோடி பைப் கிளாம்ப். மாடுலர் கிச்சன் வேலை என்றால் டிரிம்மரைச் சேர்த்துக்கொண்டு பிளேனரைத் தள்ளிப்போடலாம். ஒவ்வொரு மிஷினுக்கும் ஜி.எஸ்.டி. பில்லைப் பட்டறைப் பெயரில் வாங்குங்கள். வாரன்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் அன்றே போட்டு வாங்கி, இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடை பில்லின் மை வெயிலில் ஓராண்டு தாங்காது.